பிஞ்சு இதயமும் இயந்திரக் கற்றலும்

1000 குழந்தைகளுள் ஏறத்தாழ 8 குழந்தைகள் இதயக் குறைபாட்டுடன் பிறக்கின்றன. அவற்றுட் சில முதலில் நலமாகவே தோன்றும். கருவில் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைத்திருந்த நாளம் சில நாள்களில் மூடிக்கொள்ளும்போதுதான், மறைந்திருந்த குறை உயிரை நெருக்கும். அதற்குள் வீடு திரும்பிய குழந்தையின் நிலை என்ன?

வலக்கையிலும் காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பொருத்திக் குருதியின் ஆக்சிஜன் அளவை ஒப்பிடுவது இன்றைய சோதனை. ஆயினும், பெருந்தமனி குறுகிய குழந்தைக்கு ஆக்சிஜன் பல நேரங்களில் குறைவதில்லை. காலின் நாடித்துடிப்பே தளரும். நோய் உறுதிசெய்யப்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பயின்ற கணினி, அத்துடிப்பின் அலைவடிவத்தைப் பிரித்தறிய முயல்கிறது. இதுவே இயந்திரக் கற்றல். இதில் ஒரு பொறியும் உண்டு: 'அனைவரும் நலமே' என்று மட்டும் கூறும் கணினிகூட 99 விழுக்காடு சரியாகக் கணித்ததாகிவிடும்! எனவே, நோயுற்ற குழந்தைகளுள் எத்தனை பேரைத் தவறவிட்டது என்றே மருத்துவர் வினவுவர். கணினி ஐயுற்ற குழந்தைக்கு, இதய மீயொலிச் சோதனையே நோயை உறுதிசெய்யும்.