தேக்கில் எழுந்த கோடைமாளிகை

பீன்யா தொழிற்பேட்டையில் புதிய ஷெட் ஒன்று எழும்புவதை நம் வாடிக்கையாளர்கள் பலரும் கண்டிருப்பர். முதலில் இரும்புத் தூண்கள் நிறுத்தப்படுகின்றன. அவற்றின்மேல் உத்திரங்கள் பூட்டப்படுகின்றன. கூரை ஏறிய பின்னரே பக்கத் தகடுகள் வருகின்றன. சுமையைத் தாங்குவது சட்டகம். தகடு வெயிலையும் மழையையும் தடுக்கும் மறைப்பு மட்டுமே.

இரும்பு மலிவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கட்டுமான முறையை மரத்தில் கையாண்டவர்கள் உண்டு. அதற்கு நல்ல சான்று நம் நகரிலேயே இருக்கிறது. பீன்யாவில் பச்சைத் தட மெட்ரோவில் ஏறிக் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் நிலையத்தில் இறங்கினால், கோட்டே வேங்கடரமணர் கோயிலை அடுத்து திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனையைக் காணலாம். 1781இல் ஐதர் அலி தொடங்கிய இப்பணியை 1791இல் திப்பு நிறைவு செய்தார்.

இரண்டு தளங்கள் கொண்ட இம்மாளிகையின் பெரும்பகுதி தேக்கு மரத்தால் ஆனது. வரி வரியாகக் குடைந்த உயர்ந்த தூண்கள், அலை விளிம்புள்ள வளைவுகள், அரசர் அவை நடத்திய மேல்மாடங்கள் என எங்கும் தச்சரின் கைவண்ணமே தெரிகிறது. தூணின் அடியைக் கவனியுங்கள். மரம் மண்ணைத் தொடவில்லை. கல் பீடத்தின்மேல் நிற்கிறது. நிலத்தின் ஈரம் மரத்தின் அடிமுனை வழியே மேலேறாமல் காப்பது அந்தப் பீடமே. கறையானை எதிர்க்கும் இயல்பு தேக்கின் எண்ணெய்ப் பசையில் உண்டு. ஆயினும் ஓயாத ஈரத்தை எந்த மரமும் நெடுநாள் தாங்காது.

இங்கிலாந்திலும் இத்தகைய கட்டுமானம் தழைத்திருந்தது. செஷயரிலுள்ள லிட்டில் மோர்ட்டன் ஹால் என்னும் கிராமத்து மாளிகை 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அங்கே தேக்குக்குப் பதில் ஓக் மரம். ஒரு சட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்தை மற்றொன்றின் துளையில் நுழைத்து, மரமுளை அடித்து இறுக்குவது அந்நாட்டு முறை. சட்டங்களுக்கு இடையே குச்சிப் பின்னலும் களிமண் பூச்சும் சுவராயின. பின்னர் உச்சியில் நீண்ட கூடம் ஒன்றைச் சேர்த்துக் கற்பலகைக் கூரை வேய்ந்தனர். அப்பாரத்தால் கீழ்த்தளங்கள் வளைந்தன. எனினும் மாளிகை இன்றும் நிற்கிறது. மரம் வளைந்து கொடுக்கும். பொருத்துகள் சற்றே இடம் தரும். பழுதான துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத்துண்டு சேர்க்கவும் இயலும். மரச் சட்டகத்தின் நீண்ட ஆயுளுக்கு இவையே காரணம்.

வணிகவியல் பயின்றவர்களுக்குத் தேய்மானம் பழகிய சொல். கணக்கேட்டில் கட்டடத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும். ஆனால் மரக் கட்டடத்தின் உண்மையான ஆயுளை முடிவு செய்வது பராமரிப்பே. 1799இல் திப்பு மறைந்த பின்னரும் பெங்களூரு மாளிகை பாழடைய விடப்படவில்லை. 1868இல் அட்டாரா கச்சேரிக்கு மாறும் வரை ஆங்கில ஆட்சியின் தலைமைச் செயலகம் இங்கே இயங்கியது. இன்று அதனை இந்தியத் தொல்லியல் துறை பேணுகிறது. குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலைகள் இன்றும் பொலிவதற்குக் கேரளத் தொல்லியல் துறையின் கவனிப்பே துணை.

தனியார் வீடுகளின் நிலை வேறு. செட்டிநாட்டுப் பெருவீடுகள் பலவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் உதிரியாக விற்பனைக்கு வந்துவிட்டன. பங்குதாரர் பலர், வசிப்பவர் யாருமில்லை, செலவை ஏற்பவர் எவருமில்லை என்னும் நிலையில் ஒரு வீடு முதலில் கூரை ஓட்டை இழக்கிறது, பிறகு உத்திரத்தை, இறுதியில் தூணை. ஓடு மாற்றச் சில ஆயிரம் போதும். உளுத்த உத்திரத்தை மாற்றும் செலவோ பன்மடங்கு.

ஊரில் பூர்விக வீடு உள்ளவர்கள் மழைக்காலத்துக்கு முன் மூன்று இடங்களையாவது பார்த்து வைத்தல் நலம்: கூரையின் ஒழுக்கு, தூணடியின் ஈரம், சுவரோரத்துக் கறையான் தடம். பங்காளிகள் கூடிப் பேசி, பழுதுபார்ப்புக்கென மாதம் ஒரு தொகையைத் தொடர் வைப்பில் சேர்த்து வந்தால், தச்சரை அழைக்க வேண்டிய நாளில் யார் தருவது என்ற வாக்குவாதம் எழாது. அவ்வீட்டை விற்பதா, வைத்திருப்பதா என்பதைப் பின்னர் நிதானமாக முடிவு செய்யலாம். தூண்கள் நிற்கும் வரைதான் அந்த உரிமை நம்மிடம் இருக்கும்.