கல்லைப் பளபளப்பாக்கும் மெஷின்: ஓடலைன்னா என்ன பண்ணணும்?



அறிவியல் மன்ற அறையில் "சர சர"ன்னு சத்தம் போட்டுக்கிட்டே ஒரு மெஷின் ஓடுதே, அதுக்குள்ளே என்ன இருக்கு என்று பல பேர் கேட்டீர்கள். வேறொன்றும் இல்லை, நம்ம கமண்டல நாகநதியில் பொறுக்கின கூழாங்கல்தான்! ரெண்டு வருஷமா "ஓடாது" என்று சீட்டு ஒட்டி பீரோவில் கிடந்த மெஷின் இது. அறிவியல் சார் உதவியோடு நாங்கள் நாலு பேர் சரி பண்ணி ஓட்டுகிறோம். நாலு பேருமே பத்தாம் வகுப்பு. பரீட்சை முடிந்ததும் கிளம்பிவிடுவோம். ஆனால் டப்பாவில் இருக்கிற கல் அதற்குள் முடியாது! அதனால் அடுத்து யார் பார்த்துக்கொள்ளப் போகிறீர்களோ, அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எப்படி வேலை செய்யுது?

ரெண்டு ரோலர் படுத்த மாதிரி இருக்கும். ஒன்றை மோட்டார் பெல்ட் போட்டுச் சுற்றும். மேலே ரப்பர் டப்பா உருளும். உள்ளே கல், தண்ணீர், அரைக்கும் தூள் மூன்றும் இருக்கும். டப்பா உருள உருள கல்லெல்லாம் மேலே ஏறி, சரிந்து விழும். ஒன்றோடு ஒன்று உரசி மூலை முடுக்கு தேயும். ஆறு எத்தனையோ வருஷம் செய்கிற வேலையை இது சில வாரத்தில் செய்கிறது.

அரைக்கும் தூளின் பெயர் சிலிக்கான் கார்பைடு. கடையில் கார்பரண்டம் என்பார்கள். 1891ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சூடாக்கியபோது கிடைத்தது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் வைரம் 10, கார்பரண்டம் 9க்கு மேல், நம்ம வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், 7. அதனால்தான் அது கல்லையே தேய்க்குது!

உப்புத்தாள் பின்னாடி நம்பர் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி தூளுக்கும் நம்பர் உண்டு. நம்பர் கூடக்கூட தூள் நைசாக இருக்கும். முதலில் 60/90, ரெண்டாவது 120/220, மூன்றாவது 500, கடைசியில் பாலீஷ் போட அலுமினியம் ஆக்சைடு. மொத்தம் நாலு கட்டம்.

ஒரு கணக்கு போடுவோமா? ஒரு கட்டத்துக்கு 7 நாள், ராத்திரி பகலாக ஓட வேண்டும். அப்படின்னா 168 மணி நேரம். நம்ம பள்ளியில் ராத்திரி ஆள் இல்லாமல் ஓட்டக்கூடாது. பகலில் 7 மணி நேரம்தான். 168ஐ 7ஆல் வகுத்தால் 24 பள்ளி நாள். நாலு கட்டத்துக்கு 96 பள்ளி நாள்! அரை வருஷ உழைப்பு. கடைசிக் கட்டத்தில் பழைய தூள் ஒரு துளி கலந்தால் போச்சு.

எந்தக் கல் போடலாம்?

கண்ணாடித் துண்டில் கோடு போடும் கல் நல்ல கல். சுண்ணாம்புக்கல் வேண்டாம். அதன் கடினம் 3தான், கூழாகிவிடும். கடினக்கல்லையும் மெதுக்கல்லையும் சேர்த்துப் போட்டால் மெதுக்கல் கரைந்து போகும். காக்காப்பொன் மின்னும் கல்லும் வேண்டாம். காக்காப்பொன் மெதுவானது, அது உதிர்ந்த இடமெல்லாம் குழி விழும். விரிசல் விட்ட கல்லை முதலிலேயே தள்ளிவிடுங்கள்.

டப்பாவில் முக்கால் பாகம் கல். பெரிசும் சிறிசும் கலந்து இருக்கணும். தண்ணீர் மேல்கல்லைத் தொட்டும் தொடாமலும் நிற்கணும். நம்ம ஒன்றரைக் கிலோ டப்பாவுக்கு நாலு மேசைக்கரண்டி தூள்.

பழுதும் மருந்தும்

எதைத் தொடும் முன்பும் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். இது முதல் விதி!

1. மோட்டார் "ம்ம்ம்"னு முனகுது, சுத்தலை. டப்பாவைத் தூக்கிப் பாருங்கள். இப்போ ரோலர் சுத்தினால் பாரம் ஜாஸ்தி, கொஞ்சம் கல்லை எடுக்கணும். அப்பவும் சுத்தலைன்னா பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி ரோலரைக் கையால் சுழற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் புஷ் காய்ந்திருக்கு, இல்லை தூள் புகுந்திருக்கு. துடைத்துவிட்டு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் ஆகாது, பிசுக்காகி இறுகிவிடும். ரோலர் லேசாகச் சுத்தினால் கோளாறு மோட்டாரில். அதை நீங்கள் பிரிக்காதீர்கள், சாரிடம் சொல்லுங்கள்.

2. மோட்டார் சுத்துது, ரோலர் சுத்தலை. பெல்ட் தளர்ந்துவிட்டது. நம்ம வீட்டு ராட்டையில் கயிறு தளர்ந்தால் தார் சுத்துமா? அதே கதைதான். தண்ணீர் பம்ப் சாமான் விற்கிற கடையில் அதே அளவு ரப்பர் வளையம் கிடைக்கும். பழைய பெல்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ரொம்ப இறுக்கமாகப் போட்டாலும் மோட்டார் சூடாகும்.

3. ரோலர் சுத்துது, டப்பா வழுக்குது. டப்பாவின் வெளிப்பக்கம் ஈரமோ எண்ணெயோ இருக்கும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும். புஷ்ஷுக்கு விட்ட எண்ணெய் ரோலர் மேலோ பெல்ட் மேலோ படவே கூடாது.

4. மூடியில் ஒழுகுது. மூடி விளிம்பில் ஒரு மணல் மணி ஒட்டியிருந்தாலே ஒழுகும். விளிம்பை விரலால் தடவிப் பார்த்துத் துடைத்த பிறகே மூடுங்கள்.

5. மூடி உப்புது. உள்ளே காற்று உண்டாகியிருக்கு. நிறுத்தி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மெதுவாகத் திறந்து மூடுங்கள். முதல் வாரம் தினமும் ஒருதரம் இப்படிச் செய்வது நல்லது.

6. சத்தம் மாறுது. "சர சர" என்றால் சரி. "டக் டக்" என்றால் கல் குறைவு, மோதி மோதிக் காயம் படும். பொடிக்கல் சேருங்கள். சத்தமே இல்லைன்னா அளவுக்கு மேல் ரொப்பியாச்சு, அல்லது உள்ளே சேறு கெட்டியாயிடுச்சு, கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்.

7. கரண்ட் போயி ரொம்ப நேரம் நின்னுடுச்சு. தூளும் சேறும் அடியில் படிந்திருக்கும். டப்பாவை கையால் பத்து சுத்து உருட்டிக் கலக்கிவிட்டு அப்புறம் போடுங்கள். திங்கட்கிழமை காலையிலும் இதேதான்.

8. பாலீஷ் போட்டும் கோடு கோடா இருக்கு. பழைய கட்டத்துத் தூள் ஒட்டியிருந்திருக்கு. 500க்குத் திரும்பிப் போகணும், வேறு வழியில்லை. சாயப்பட்டறையில் ஒரு சாயம் போக அலசாமல் அடுத்த தொட்டியில் பட்டு நூலைப் போடுவார்களா? மாட்டார்களே! அதே மாதிரி ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கல், டப்பா, மூடி எல்லாத்தையும் பல் துலக்கும் பிரஷ் போட்டு மூன்று நாலு தண்ணீரில் அலசுங்கள். பாலீஷுக்கு மட்டும் தனி டப்பா வைத்திருக்கிறோம். அதில் வேறு தூள் போடவே போடாதீர்கள்.

சேற்றை எங்கே கொட்டுவது?

குழாயடித் தொட்டியில் கொட்டாதீர்கள்! குழாய்க்குள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். பக்கெட்டில் ஊற்றி ஒரு நாள் வைத்தால் அடியில் படியும். மேல்தண்ணீரை வேலி ஓரம் ஊற்றிவிட்டு, சேறு ஈரமா இருக்கும்போதே பழைய பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். காயவிட்டால் தூளாகப் பறக்கும். அது மூச்சில் போகக்கூடாது.

உங்களுக்குத் தெரியுமா?

குஜராத்தில் காம்பே என்கிற கம்பாத் ஊர் அகேட் மணிகளுக்குப் பேர் போனது. அந்தக் காலத்தில் மணிகளைத் தோல் பையில் அரைதூளோடு கட்டி, ரெண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நாள் கணக்காக முன்னும் பின்னும் உருட்டுவார்களாம். அதுவும் உருட்டும் மெஷின்தானே, மோட்டார் இல்லாத மெஷின்! நம்ம தமிழ்நாட்டிலும் ஈரோடு மாவட்டம், நொய்யல் கரை கொடுமணலில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது, கல்மணி செய்த பட்டறைகளின் மிச்சம் கிடைத்தது.

ஆனால் கம்பாத்தில் ஒரு சோகமும் உண்டு. கல்லைக் காய்ந்தபடி அரைத்த தொழிலாளர்கள் பலருக்கு சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தது. அகமதாபாத்தில் உள்ள தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறது. வந்த நோய்க்கு முழு குணம் கிடையாது. நம்ம மெஷின் தண்ணீரோடு அரைப்பதால் தூசி கிளம்பாது. ஆனால் காய்ந்த தூளை ஊதுவது, தரையைத் துடைப்பத்தால் பெருக்குவது ரெண்டும் கூடாது. ஈரத்துணியால் துடையுங்கள்.

இன்னொன்று நம்ம ஊருக்கே உரியது. நம்மில் பாதிப் பேர் வீட்டில் தறி இருக்கு. சாயங்காலம் போய் தார் சுத்துவோம், பாவில் அறுந்த இழையை முடிச்சுப் போடுவோம். விரலில் ஒரு கார்பரண்டம் மணி ஒட்டியிருந்தால் பட்டு இழை பிசிறடிக்கும். அதனால் நகக்கண் வரை சோப்பு போட்டுக் கழுவிவிட்டே வீட்டுக்குப் போங்கள். இந்த மெஷினை தறி இருக்கும் வீட்டுக்கு எடுத்துப் போகவும் கூடாது.

இப்போ டப்பாவில் இருக்கும் கல் ரெண்டாம் கட்டம் முடிந்து மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது. எந்த நாள் எத்தனை மணி நேரம் ஓடியது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். தினமும் எழுத மறக்காதீர்கள், இல்லைன்னா கணக்கே தெரியாது. பொறுப்பு எடுக்க விருப்பமுள்ள எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் மதிய இடைவேளையில் வந்து அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர் எழுதுங்கள். பெல்ட் மாற்றுவதை, டப்பா அலசுவதை நேரிலேயே செய்து காட்டுகிறோம்.

– 10ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு, அறிவியல் மன்றம்