மடக்கு சோலார் பேனலில் இ-ஸ்கூட்டர் ஓடுமா?

2023 டிசம்பர். மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. ‘ஒரு மடக்கு சோலார் பேனல் இருந்தா ஸ்கூட்டரையே சார்ஜ் பண்ணிடலாமே’ என்று தோன்றுகிறதா? கணக்கைப் பாருங்க.

100 வாட் பேனல், நல்ல வெயிலிலேயே 70 வாட் அளவுக்குத்தான் தரும். 5 மணி நேரத்தில் 350 வாட்-ஹவர், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு யூனிட். 3 யூனிட் பேட்டரி உள்ள ஸ்கூட்டர் நிரம்ப 9, 10 நாள் ஆகும். வண்டிக்கு இது சரிப்படாது.

ஆனா அந்த மின்சாரத்தை ஒரு பவர் ஸ்டேஷனில் சேமித்தால், 30 வாட் பிஎல்டிசி ஃபேன் ராத்திரி முழுக்க ஓடும். இல்லைன்னா போனைப் பத்துத் தடவைக்கு மேல் சார்ஜ் பண்ணலாம். அயர்ன் பாக்ஸ், கெட்டில் பக்கம் மட்டும் போயிடாதீங்க!

இன்னொரு சிக்கல்: மேகம் விலகாத நாளில் இதில் கால்வாசிகூடத் தேறாது. அதனால் புயல் அறிவிப்பு வந்ததுமே பவர் ஸ்டேஷனை வீட்டு பிளக்கில் ஃபுல் சார்ஜ் பண்ணி வெச்சுக்கோங்க.