முகமறியாதார் செய்த உதவி

உற்றார்க்கும் உறவினர்க்கும் உதவுதல் உலகத்து இயற்கை. முன்பின் அறியாத ஒருவர்க்குக் கைம்மாறு கருதாது உதவுதலே அன்பின் உயர்நிலையாகும். அவ்வுதவி சிறியதாயினும் அதன் பயன் பெரிது. இவ்வுண்மையை ஓர் இளைஞரின் பயணத்தால் அறியலாம்.

1896 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29 ஆம் நாள், பதினாறு வயதினராகிய வேங்கடராமன் என்பார், தாம் செல்லும் இடத்தை எவரிடமும் கூறாது, மதுரையினின்று திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். கையிலிருந்தது மூன்று ரூபாயே. வழியும் அவர் நன்கறியார். புகைவண்டியில் உடன்வந்த மௌல்வி ஒருவர், விழுப்புரத்தில் வண்டி மாறுதல் வேண்டும் என்று வழி கூறினார்.

மறுநாள் விழுப்புரத்தில் ஓர் உணவு விடுதியில் உண்டபின், அவர் இரண்டணாவை நீட்டினார். அவரிடம் இருப்பதே இரண்டரையணாதான் என்று கேட்டறிந்த விடுதிக்காரர், அதனைப் பெற மறுத்துவிட்டார். அக்காசைக் கொண்டு மாம்பழப்பட்டு வரை வண்டியில் சென்று, பின்னர்ப் பத்து மைல் நடந்தார். அன்றிரவு திருக்கோவலூரை அடுத்த கீழூர்க் கோயிலில் அவர் சோறு வேண்டியபோது, இல்லை என்னும் மறுமொழியே கிடைத்தது. அது கண்டு பொறாத மேளகாரர் ஒருவர், தமக்குரிய பங்கை அவருக்குக் கொடுக்கச் செய்தார்.

அடுத்த நாள் கோகுலாட்டமி. அவ்வூரில் முத்துக்கிருஷ்ண பாகவதர் இல்லத்தார் அவருக்கு அன்புடன் அமுது படைத்தனர். அவருடைய கடுக்கன்களை ஈடாகக் கொண்டு பாகவதர் நான்கு ரூபாய் அளித்தார். கண்ணனுக்குப் படைக்க வைத்திருந்த பலகாரத்திலும் ஒரு பொட்டலம் வழியுணவாயிற்று. செப்டம்பர் முதல் நாள் காலை வேங்கடராமன் திருவண்ணாமலையை அடைந்தார்.

அவரே பின்னாளில் இரமண மகரிஷி எனப் போற்றப்பெற்றவர். 1950 ஆம் ஆண்டு மறையுமளவும் அவர் அத்தலத்தை விட்டு நீங்கவில்லை. மலைமேல் அவர் வாழ்ந்த காலத்தில், கீரை பறித்துச் சமைத்து அன்புடன் கொணர்ந்து கொடுத்த மூதாட்டி ஒருத்தியைக் கீரைப்பாட்டி என்றே யாவரும் அழைத்தனர்.

வழியில் உதவியோருள் எவரும் பிற்காலப் பெருமையை அறிந்து உதவினாரல்லர். அவர்கள் கண்டது பசித்து நின்ற ஒரு சிறுவனையே. அவன் புகழ் பெறாது எளியவனாகவே வாழ்ந்திருப்பினும், அன்று தணிந்த பசி பசியே. அவ்வுதவியின் மாண்பும் குறைந்திராது. தம் பங்குச் சோற்றை ஈந்த மேளகாரரின் பெயரை இன்று அறிவாரிலர். ஆயினும் உண்டவர் அதனை மறந்தாரல்லர். பல்லாண்டுகட்குப் பின்னரும் அன்பர்களிடம் எடுத்துரைத்தார்.

வழி கேட்பார்க்கு வழி காட்டுதலும், பசித்தார்க்கு ஒரு பிடி சோறு அளித்தலும் எவர்க்கும் இயல்வன. நாளை இவர் யாராவார் என எண்ணாது, இன்று இவர்க்கு வேண்டுவது யாது என எண்ணி உதவுதலே அறமாகும்.