அமைப்புக் கோப்பும் மளிகைச் சீட்டும்

நம் விடுதியில் இணையத்தைப் பகிர்ந்து தரும் ரௌட்டர், ஆய்வுக்கூடத்தில் வெப்பநிலையைக் குறித்து வைக்கும் பெட்டி, இவை போன்ற சிறு கருவிகள் ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு கணினி குடியிருக்கிறது. இவற்றுள் பலவற்றை இயக்குவது லினக்ஸ். அதன் உட்கருவாகிய கெர்னலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தேர்வுகள் உண்டு. இக்கருவிக்கு இன்னது வேண்டும், இன்னது வேண்டா என்று வரி வரியாக எழுதி வைத்திருப்பதே அமைப்புக் கோப்பு. அதைப் படித்துத்தான் மூல நிரலிலிருந்து கருவிக்கு உரிய மென்பொருள் உருவாக்கப்படுகிறது. 2002ஆம் ஆண்டு முதல் இதற்குக் 'கேகான்ஃபிக்' என்னும் முறை வழங்கி வருகிறது.

இதில் கட்டுரை எழுதும் அளவுக்கு என்ன இருக்கிறது என்று அன்பர்கள் வினவலாம். கருவி பத்தாண்டு உழைக்கும்; கெர்னலோ இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பாக வெளிவரும். பாதுகாப்புக் குறைகள் நீங்க வேண்டுமானால் என்றேனும் புதிய பதிப்புக்கு மாறியே தீர வேண்டும். அப்போது பழைய கோப்பை அப்படியே எடுத்துக் கொடுத்தால் என்ன நேரும்?

நம்மவர் கூட்டுச் சமையலுக்கு இவ்வூர்க் கடைக்குச் சீட்டு அனுப்புவதை எண்ணிப் பாருங்கள். 'எண்ணெய்' என்று மட்டும் எழுதினால் கடுகெண்ணெய்தான் வரும். அது கடைக்காரரின் வழக்கம். அவருக்குப் புரியாத பெயரை எழுதினாலோ, அந்தச் சாமான் வராது. அவரைக் குறை சொல்வானேன்? ஆனால் கேட்ட பொருள் இல்லை என்று அவர் ஒரு சொல் சொல்லியனுப்பினால் நலமாக இருக்கும்.

கேகான்ஃபிக் பெரும்பாலும் சொல்லியனுப்புவதில்லை. 'ஓல்டுடெஃப்கான்ஃபிக்' என்னும் கட்டளை, புதிதாக வந்த தேர்வுகளுக்குத் தன் வழக்கமான விடையைத் தானே நிரப்பிக்கொள்ளும். பெயர் மாறிப்போன பழைய தேர்வுகளின் வரிகளை ஓசையின்றி விட்டுவிடும். அறியாத பெயர் கண்டால் எச்சரிக்கும் வசதி 2023ஆம் ஆண்டில்தான் வந்தது. அதையும் நாமே கேட்டுப் பெற வேண்டும்.

2018ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று இதை நன்கு விளக்கும். நினைவகத்தில் எல்லை மீறி எழுதுவதைக் கண்டுபிடிக்கும் 'ஸ்டாக் புரொடெக்டர்' என்னும் காவலில் சாதாரணம், வலியது, தானியங்கித் தேர்வு எனப் பல வகைகள் இருந்தன. தானியங்கி என்றால் கிடைப்பவற்றுள் வலியதை எடுத்துக்கொள்ளும். சீர்திருத்தத்தில் அத்தேர்வு நீக்கப்பட்டது. பழைய கோப்பிலோ 'தானியங்கி: ஆம், வலியது: இல்லை' என்றிருந்தது. புதிய முறை அந்த 'இல்லை'யை மட்டும் மதித்து, வலிய காவலை நிறுத்திவிடும் நிலை வந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் இதைக் கண்டு வலிய காவலின் பெயரையும் மாற்றினார். பழைய வரி அறியாத பெயராகிவிடவே, கேகான்ஃபிக்கின் வழக்கமான விடையாகிய வலிய காவலே நிலைத்தது. நோய்க்குக் காரணமான மௌனமே அங்கு மருந்தும் ஆயிற்று!

நான் பௌதிக மாணவன். என் ஆய்வுக்கு வேண்டிய மழைக்கணக்கு, ஊருக்கு வெளியே நிற்கும் ஒரு பதிவுக் கருவியிலிருந்து வருகிறது. நிரல் உறைந்து நின்றால் கருவியைத் தானே மறுபடி தொடங்கச் செய்யும் 'வாட்ச்டாக்' அதில் உண்டு. அதன் வரி கோப்பிலிருந்து நழுவினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது; கருவி வழக்கம் போலவே ஓடும். மழை நடுவில் ஒரு நாள் உறைந்து நின்ற பின்புதான் தெரியும். போன பருவத்து மழையை மறுபடி பெய்யச் சொல்ல முடியுமா?

ஆகவே செய்ய வேண்டுவன சில. பதிப்பு மாற்றுமுன் முழுக்கோப்பைப் பிரதி எடுத்து வைக்க வேண்டும். மாற்றிய பின் வரும் முழுக்கோப்பை அதனோடு ஒப்பிட வேண்டும். கெர்னலுடன் வரும் 'டிஃப்கான்ஃபிக்' என்னும் சிறு நிரல் இதற்கு உதவும். இன்றியமையாத தேர்வுகளைத் தனியே பட்டியலிட்டு, அவை முடிவுக் கோப்பில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

பின்பு 'சேவ்டெஃப்கான்ஃபிக்' கட்டளையால் சுருக்கக் கோப்பை எழுதிச் சேமிக்கலாம். வழக்கத்தினின்று மாறுபடும் வரிகள் மட்டுமே அதில் நிற்கும். 2010ஆம் ஆண்டு ஏ.ஆர்.எம். பிரிவின் கோப்புகளை இவ்வாறு சுருக்கியபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள் நீங்கின. சுருக்கம் படிக்க எளிது. ஆயினும் அது கடைக்காரரின் வழக்கத்தை நம்பி நிற்பது. வழக்கம் மாறினால் பொருளும் மாறும். ஒப்பிடும் வேலையை அது நீக்கிவிடாது.

இன்னொன்று. கோப்பினுள் நாம் எழுதி வைக்கும் விளக்கங்கள் சேவ்டெஃப்கான்ஃபிக் எழுதும்போது மறைந்துவிடும். எனவே ஒரு வரியை ஏன் சேர்த்தோம், ஏன் எடுத்தோம் என்பதைக் 'கிட்' பதிவேட்டில் எழுதுவதே தக்கது.

இரண்டாண்டில் நாம் பட்டம் பெற்று இவ்வூரை விட்டுப் போய்விடுவோம். கருவி இங்கேயே நிற்கும். அடுத்து வரும் மாணவர் கோப்பைத் திறக்கும்போது கேட்டுத் தெளிய நாம் அருகில் இருக்க மாட்டோம். அவருக்காக இரண்டு வரி எழுதி வைப்பது பெரிய வேலையன்று.