பனிமலையில் ஒரே ஒருவர்



நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஐந்து பாகை தொலைவில் இருக்கிறது நமது பண்டார் பாரு. கிரியான் ஆற்றுக்கு அக்கரையில் பேராக், இக்கரையில் கெடா. வெயிலும் மழையும் நமக்குத் தெரியும். விடிகாலையில் பால்மரக் காட்டுக்குள் நடக்கும்போது உடலைத் தொடும் ஈரக் குளிரும் தெரியும். ஆனால் தண்ணீர் தரையிலேயே உறைந்து கல்லாகும் குளிரை நாம் அறியோம். ஐஸ் என்றவுடன் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது ஐஸ் கச்சாங்தான்.

இப்படிப்பட்ட நாம் பனி விளையாட்டுகளைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம்மைப் போலவே வெயில் நாடு என்று உலகம் எண்ணியிருந்த இந்தியா, 1964ஆம் ஆண்டில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிக்கு ஒரு வீரரை அனுப்பியது. ஒரே ஒரு வீரர். அவர் யார், எப்படி அங்கே போனார், அவருக்குப் பின் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், 'நாட்டின் பெயரைச் சுமப்பது' என்றால் என்ன என்பதும் நமக்குச் சற்று விளங்கும்.

முதலில் குளிர்கால ஒலிம்பிக் என்பது என்ன என்று பார்ப்போம். நாம் நன்கறிந்த ஒலிம்பிக் கோடைக்காலத்துக்கு உரியது. ஓட்டம், நீச்சல், ஹாக்கி முதலியவை அதில் அடங்கும். பனியிலும் பனிக்கட்டியிலும் மட்டுமே ஆடக்கூடிய விளையாட்டுகளுக்காகத் தனியே ஒரு விழா 1924ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஷாமோனி நகரில் தொடங்கியது. அப்போது கலந்துகொண்ட நாடுகள் 16 மட்டுமே. 1928இல் ஜப்பான் தன் வீரர்களை அனுப்பியது. 1956இல் இத்தாலியின் கோர்த்தினா நகரில் ஜப்பானியர் சிஹாரு இகாயா வெள்ளிப் பதக்கம் வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் ஆசியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் அடிப்படை வழுக்குதல். பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது? அதன் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகள், உள்ளே இருப்பவற்றைப் போல இறுகப் பிணைந்திருப்பதில்லை. அவை ஓரளவு நீரைப் போலத் தளர்ந்திருக்கின்றன. அதன்மேல் ஒரு பொருள் உராய்ந்து ஓடும்போது எழும் வெப்பம் இன்னும் கொஞ்சம் நீரை உண்டாக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மெல்லிய நீர்ப்படலம் எண்ணெய் பூசியதுபோல் வேலை செய்கிறது. சிமெண்டுத் தரையில் தண்ணீர் கொட்டிக் கிடந்தால் கால் வழுக்குகிறதல்லவா? ஏறக்குறைய அதே கதைதான்.

பனிச்சறுக்கு வீரர் நீண்டு ஒடுங்கிய இரண்டு பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு மலைச்சரிவில் இறங்குகிறார். இதில் 'டவுன்ஹில்' எனப்படும் போட்டி மிகவும் வேகமானது. மேலே ஒருவர் புறப்படுவார். கீழே வந்து சேர்ந்ததும் கடிகாரம் நிற்கும். ஒரே முறைதான் வாய்ப்பு. பலகையின் விளிம்பைப் பனியில் பதித்துத் திரும்ப வேண்டும். சற்று அதிகமாகப் பதித்தால் வேகம் போய்விடும். குறைவாகப் பதித்தால் பாதையைவிட்டே தூக்கி எறியப்படுவார்.

இனி 1964ஆம் ஆண்டுக்கு வருவோம். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் 36 நாடுகள் கூடின. இந்தியா, மங்கோலியா, வட கொரியா ஆகிய மூன்று ஆசிய நாடுகளுக்கும் அதுவே முதல் குளிர்கால ஒலிம்பிக். அந்த ஆண்டில் ஒரு வேடிக்கையான இடையூறு நேர்ந்தது. பனி நாடான ஆஸ்திரியாவில் பனியே போதவில்லை! ராணுவ வீரர்கள் உயரமான மலைகளிலிருந்து 20,000 பனிக்கட்டிப் பாளங்களை வெட்டியெடுத்துச் சறுக்குவண்டிப் பாதைக்குக் கொண்டுவந்தார்கள். மலைச்சரிவுகளுக்காக 40,000 கன மீட்டர் பனியையும் சுமந்து வந்து கொட்டி, காலால் மிதித்து இறுக்கினார்கள்.

போட்டி தொடங்கும் முன்பே இரண்டு மரணங்களும் நேர்ந்தன. ராஸ் மில்ன் என்ற 19 வயது ஆஸ்திரேலிய இளைஞர் டவுன்ஹில் பயிற்சியின்போது மரத்தில் மோதி இறந்தார். பிரிட்டனுக்காக வந்திருந்த காஜிமியெர்ஸ் கே-ஸ்கிஷிபெட்ஸ்கி சறுக்குவண்டிப் பயிற்சியில் உயிரிழந்தார். பனி விளையாட்டு எத்தனை ஆபத்தானது என்பதை உலகம் அன்று கண்டது. அந்த மலைச்சரிவில்தான் இந்தியாவின் பெயரில் ஒருவர் இறங்க வேண்டியிருந்தது.

அவர் பெயர் ஜெரமி புஜாகோவ்ஸ்கி. பெயரைக் கேட்டவுடன் 'இது இந்தியப் பெயரா?' என்று தோன்றும். அவர் 1939ஆம் ஆண்டில் துருஸ்கினின்காய் என்ற ஊரில் ஒரு போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊர் அன்று போலந்தில் இருந்தது. இன்று லிதுவேனியாவில் இருக்கிறது. அவர் பிறந்த ஆண்டிலேயே இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஒரு பக்கம் ஜெர்மனியும் மறுபக்கம் சோவியத் படையும் நுழைந்து போலந்தைப் பங்கிட்டுக்கொண்டன. பல்லாயிரம் குடும்பங்கள் வீடு வாசலை விட்டு ஓடின. புஜாகோவ்ஸ்கியின் குடும்பம் இந்தியாவை வந்தடைந்தது.

இதை ஏதோ ஒரு குடும்பத்தின் கதை என்று எண்ணிவிட வேண்டாம். அந்தப் போர்க்காலத்தில் போலந்து அகதிகளுக்கு இந்திய மண் கதவைத் திறந்தது. நவாநகர் மன்னர் தம் சமஸ்தானத்தில் பாலாசடி என்ற கடலோர ஊரில் போலந்துக் குழந்தைகளுக்காக முகாம் அமைத்தார். கோலாப்பூருக்கு அருகே வலிவடே என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான போலந்துக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். போர் முடிந்தபின் பெரும்பாலோர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். சிலர் இந்தியாவையே தங்கள் நாடாகக் கொண்டார்கள். புஜாகோவ்ஸ்கியும் அப்படித்தான் இந்தியர் ஆனார்.

இன்ஸ்புருக்கின் பாட்ஷர்கோபல் மலையில் டவுன்ஹில் பாதை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். புறப்படும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் உயர வேறுபாடு 800 மீட்டருக்கு மேல். நமது ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உயரத்தை ஒரு மனிதன் இரண்டு பலகைகளின்மேல் நின்றபடி இறங்குகிறான் என்று எண்ணிப் பாருங்கள். தங்கம் வென்ற ஆஸ்திரிய வீரர் எகோன் சிம்மர்மான் எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 18.16 விநாடி. அதாவது மணிக்கு ஏறக்குறைய 81 கிலோமீட்டர் சராசரி வேகம். வெள்ளி வென்றவர் அவருக்குப் பின்தங்கியது முக்கால் விநாடிக்கும் குறைவு.

அதே பாதையில் புஜாகோவ்ஸ்கியும் புறப்பட்டார். ஆனால் பந்தயத்தை முடிக்கவில்லை. பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே நேரம் ஏதும் இல்லை. 'முடிக்கவில்லை' என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் வரி அதுதான்.

இதைத் தோல்வி என்று சொல்லி ஒதுக்கிவிடலாமா? அவர் மனம் தளரவில்லை. 1968இல் பிரான்சின் கிரெனோபிள் நகருக்கு மீண்டும் வந்தார். மீண்டும் இந்தியாவின் ஒரே வீரர் அவரே. அந்த ஆண்டு பிரெஞ்சு வீரர் ஜான் குளோட் கில்லி மலைச்சறுக்கின் மூன்று தங்கங்களையும் தாமே வென்று உலகை வியக்க வைத்தார். அந்தப் பரபரப்பில் பட்டியலின் பின்பகுதியை யாரும் கவனிக்கவில்லை. புஜாகோவ்ஸ்கி டவுன்ஹில்லில் இம்முறை எல்லைக்கோட்டைக் கடந்தார். ஐம்பது பேருக்குப் பிந்திய இடம்தான். ஆயினும் இந்தியாவின் பெயருக்கு எதிரே இப்போது ஒரு நேரம் பதிவாயிற்று.

இதே 1964ஆம் ஆண்டில் கோடை ஒலிம்பிக் தோக்கியோவில் நடந்தது. இந்தியா ஹாக்கியில் தங்கம் வென்றது. நமது மு. ஜெகதீசன் 200 மீட்டர் ஓட்டத்தில் அரையிறுதி வரை முன்னேறினார். 1968இல் மெக்சிகோவில் அவர் ஓடிய 20.92 விநாடி, 2017 வரை 49 ஆண்டுகள் மலேசியச் சாதனையாக நின்றது. ஓடுவதற்கு ஒரு திடல் போதும். தோட்டத்துப் பள்ளித் திடலிலும் ஓடிப் பழகலாம். பனிச்சறுக்குக்கோ மலை வேண்டும், பனி வேண்டும், மேலே தூக்கிச் செல்லும் இழுவை இயந்திரம் வேண்டும், விலை உயர்ந்த பலகையும் காலணியும் வேண்டும், வெளிநாட்டுப் பயணம் வேண்டும்.

'இந்தியாவில் இமயமலை இருக்கிறதே!' என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. மலையும் பனியும் இருந்தால் மட்டும் விளையாட்டு வளர்ந்துவிடாது. இமயமலைச் சிற்றூர்களில் பனி என்பது பல மாதம் பாதையை அடைத்துப் பயிரை முடக்கும் துன்பம். பனிச்சறுக்கைக் காஷ்மீரின் குல்மார்க்கில் பொழுதுபோக்காக ஆடியவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். சுதந்திரத்துக்குப் பின் 1948இல் ராணுவம் அங்கே ஒரு சறுக்குப் பள்ளியைத் தொடங்கியது. அது எல்லையைக் காக்கும் படைவீரனுக்கான பயிற்சி. பொதுமக்களுக்கான பயிற்சி நிலையம் குல்மார்க்கில் அமைந்தது 1968ஆம் ஆண்டில், அதாவது புஜாகோவ்ஸ்கி கிரெனோபிளில் சறுக்கிய அதே ஆண்டில். ஆகவே அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க யாரும் அப்போது இல்லை.

அதன் விளைவு என்ன? 1972 முதல் 1984 வரை நான்கு குளிர்கால ஒலிம்பிக்குகளுக்கு இந்தியாவிலிருந்து எவரும் போகவில்லை. 1988இல் கனடாவின் கால்கரிக்கு மூவர் சென்றனர். அவர்களுள் சைலஜா குமார் ஒருவர்; குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண். 1998இல் ஜப்பானின் நகானோவுக்கு 16 வயது சிறுவன் ஒருவன் வந்தான். அவன்தான் சிவா கேசவன்.

சிவாவின் தந்தை கேரளத்தவர், தாய் இத்தாலியர். அவர் வளர்ந்தது இமாசலப் பிரதேசத்து மணாலியில். அவருடைய விளையாட்டு 'லூஜ்'. சிறிய சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து, கால் முன்னே நீட்டி, பனிக்கட்டி வாய்க்காலில் பாய்ந்து வரும் விளையாட்டு அது. ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி வரை கணக்கிடுவார்கள். இந்தியாவில் அதற்கான பாதையே இல்லை. சிவா என்ன செய்தார்? வண்டிக்குச் சக்கரம் பூட்டி, மணாலியின் மலைச் சாலைகளில், லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே சறுக்கிப் பழகினார். நகானோவில் 28ஆவது இடம் பெற்றார். 2018 வரை ஆறு ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்டார். 2011இல் ஆசியக் கோப்பையில் தங்கம் வென்றார்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 2014இல் ரஷ்யாவின் சோச்சி நகரில் ஒலிம்பிக் நடந்தபோது, இந்திய ஒலிம்பிக் சங்கம் தடையில் இருந்தது. ஊழல் வழக்கில் சிக்கியவர்களைப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுத்ததே காரணம். அதனால் சிவா கேசவன் தம் நாட்டுக் கொடியின் கீழ்ப் போட்டியிட முடியவில்லை. ஒலிம்பிக் கொடியின் கீழ் இறங்கினார். அவர் போட்டி முடிந்தபின் பிப்ரவரி 11ஆம் நாள்தான் தடை நீங்கியது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். போலந்தில் பிறந்து, போரால் விரட்டப்பட்டு வந்த ஒருவர் இந்தியாவின் பெயரைப் பெருமையோடு சுமந்தார். இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு, பெரியவர்கள் செய்த தவற்றால் நாட்டின் பெயரே கிடைக்காமல் போயிற்று. அப்படியென்றால் ஒரு நாட்டுக்கு உரியவர் யார்? பிறந்த ஊரா அதைத் தீர்மானிக்கிறது? பெயரின் ஒலியா? நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி இந்த மண்ணுக்கு வந்தவர்கள். காட்டை அழித்து, மரம் நட்டு, இங்கேயே பிள்ளை பெற்று, இந்த மண்ணையே தங்கள் மண் ஆக்கிக்கொண்டார்கள். ஆகவே இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வந்த இடத்தை நேசித்து, அதற்காக உழைப்பவரே அந்த நாட்டுக்கு உரியவர். ஏற்றுக்கொள்ளும் மனம் நாட்டுக்கும் இருக்க வேண்டும் என்பது அதன் மறுபக்கம்.

நமது மலேசியாவும் இந்தக் கதையில் பின்னால் சேர்ந்துகொண்டது. மலாயா 1956இல் மெல்பர்ன் கோடை ஒலிம்பிக்கில் அடியெடுத்து வைத்தது. குளிர்கால ஒலிம்பிக்குக்கு மேலும் 62 ஆண்டுகள் ஆயின. 2018இல் தென் கொரியாவின் பியோங்சாங் நகருக்கு இருவர் போனார்கள். பனி நடனத்தில் ஜூலியன் யீ. மலைச்சறுக்கில் ஜெப்ரி வெப். ஜூலியன் பழகிய இடம் பனிமலை அன்று. பேரங்காடிக்குள் அமைந்த ஐஸ் திடல். சிமெண்டுத் தரைக்கு அடியில் குழாய்களைப் பதித்து, அவற்றில் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த திரவத்தை ஓட்டி, மேலே தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து உறைய வைப்பார்கள். ஐஸ் தொழிற்சாலையின் தத்துவம்தான், உருவம் வேறு. பியோங்சாங்கில் முதல் சுற்றில் 24 பேருக்கு அடுத்த சுற்று வாய்ப்பு. ஜூலியன் பெற்றது 25ஆம் இடம். 2022இல் பெய்ஜிங்கில் அருவின் சாலேஹுடின், குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் மலேசியப் பெண் ஆனார்.

நேயர்களே, விளையாட்டுச் செய்தி என்றால் பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பது நம் வழக்கம். பட்டியலின் அடியிலும் மனிதர்கள் இருக்கிறார்கள். துணைக்கு ஆள் இன்றி, வழிகாட்ட முன்னோர் இன்றி முதலில் போகிறவருக்கு இடம் பின்னால்தான் கிடைக்கும். ஆனால் அவருக்குப் பின் வருகிறவருக்கு 'முடியுமா?' என்ற கேள்வி பாதியாகக் குறைந்துவிடுகிறது. நம் பள்ளிப் பிள்ளைகளில் யாராவது நாம் கேள்விப்படாத ஒரு துறையின் பெயரைச் சொல்லி, அதில் போக விரும்புவதாகச் சொன்னால், 'நம் ஊருக்கு அதெல்லாம் எதற்கு?' என்று உடனே தடுத்துவிடாதீர்கள். அருகில் அமர்த்தி, அது என்னவென்று கேளுங்கள். அதற்கு என்ன வேண்டும், யார் உதவக்கூடும் என்று சேர்ந்து விசாரியுங்கள். நாம் செய்யக்கூடிய முதல் உதவி அதுதான்.