நாற்றங்காலிலேயே பட்டுப்போகும் மும்பையின் நிழல்

மும்பை:

மும்பையில் ஒரு மரத்தை வெட்ட அனுமதி பெறுபவர், அந்த மரத்தின் வயது எத்தனை ஆண்டுகளோ அத்தனை கன்றுகளை ஈடாக நட வேண்டும். மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டத்தில் 2021-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் இதை வலியுறுத்துகிறது. நடும்போது கன்று ஆறு முதல் எட்டு அடி உயரம் இருக்க வேண்டும். அதை ஏழு ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்றும் அத்திருத்தம் கூறுகிறது. அதன்படி, மாதுங்கா சாலையோரத்தில் நிற்கும் 60 வயதுத் தூங்குமூஞ்சி மரம் ஒன்று வெட்டப்பட்டால் 60 கன்றுகள் நடப்பட வேண்டும்.

ஆனால், கன்றின் உயரத்தை அளக்கும் சட்டம் அதன் வேரின் நலத்தைக் கேட்பதில்லை. நாற்றங்காலிலேயே நாற்றுகளைத் தாக்கும் பூஞ்சாண நோய்கள், மரம் நடும் திட்டங்களின் கணக்கில் அநேகமாக இடம்பெறுவதே இல்லை. நடப்பட்ட கன்று ஏன் பட்டுப்போனது என்ற கேள்விக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, மாடு மேய்ந்துவிட்டது என்பவையே வழக்கமான பதில்கள். நோயோடு வந்த கன்று என்ற பதில் அரிதாகவே காதில் விழுகிறது.

நிழலில் ஏற்றத்தாழ்வு

மும்பை மாநகராட்சியின் 2018-ஆம் ஆண்டு மரக் கணக்கெடுப்பின்படி நகரில் சுமார் 29.75 லட்சம் மரங்கள் இருந்தன. அந்த நிழல் எல்லோருக்கும் ஒன்றுபோலக் கிடைப்பதில்லை. 1896-ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின், 1898-இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளையின் திட்டத்தில் உருவான மாதுங்காவில் அகலமான சாலைகளும் அவற்றின் இருபுறமும் முதிர்ந்த மரங்களும் உண்டு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் அருகில் அமைந்த செம்பூருக்கு மரங்களின் தேவை இன்னும் அதிகம். கூரையோடு கூரை உரசும் தாராவியிலோ கன்று நடுவதற்கே இடம் தேட வேண்டும்.

அந்தத் தாராவியின் விளிம்பில், மித்தி ஆற்றங்கரையில், 37 ஏக்கரில் விரிந்திருக்கிறது மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா. ஒரு காலத்தில் நகரின் குப்பை கொட்டும் இடமாக இருந்த இந்த நிலம், மண் நிரப்பிக் கன்றுகள் நடப்பட்டு, 1994-இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கெட்டுப்போன நிலத்திலும் நல்ல கன்றுகள் காடாக முடியும் என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று இல்லை.

2010-களில் மாவுப்பூச்சித் தாக்குதலால் நகரின் பல பகுதிகளில் தூங்குமூஞ்சி மரங்கள் பட்டுப்போயின. 2021 மே மாதம் வீசிய டவ்தே புயலில் நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சாலை, மெட்ரோ ரயில் பணிகளுக்காக வெட்டப்பட்டவை தனிக் கணக்கு. இத்தனை இழப்பையும் ஈடுகட்ட வேண்டிய பொறுப்பு, பாலித்தீன் பைகளில் வளரும் நாற்றுகளின் மீதே விழுகிறது.

கழுத்தை நெரிக்கும் நோய்

நாற்றங்கால்களில் மிகப் பரவலாகக் காணப்படுவது நாற்றழுகல் நோய். பித்தியம், பைட்டோப்தோரா, ரைசோக்டோனியா, பியூசேரியம் ஆகிய நுண்ணுயிர்கள் இதற்குக் காரணம். இவற்றில் முதல் இரண்டும் அறிவியல் வகைப்பாட்டில் பூஞ்சாணங்களாகக் கருதப்படாத நீர்வாழ் உயிரிகள் என்றாலும், அவை செய்யும் அழிவு ஒன்றுதான்.

இந்நோய் இருமுறை தாக்குகிறது. முதல் தாக்குதலில் விதை முளைத்து மண்ணுக்கு மேலே வருமுன்பே அழுகிவிடும். விதை சொத்தை என்று எண்ணி மறுபடியும் விதைப்பார்கள். இரண்டாவது தாக்குதலில் முளைத்த நாற்றின் தண்டு, மண்ணை ஒட்டிய கழுத்துப் பகுதியில் நீர் கோத்து, கறுத்து, மெலிந்துவிடும். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் சாய்ந்து கிடக்கும். ஓரிடத்தில் தோன்றும் அழுகல் வட்டமாகப் பரவி, சில நாள்களில் ஒரு பாத்தியையே காலி செய்துவிடக் கூடும்.

நெருக்கமான விதைப்பு, வடிகால் இல்லாத பாத்தி, அளவுக்கு மிஞ்சிய நீர், மக்காத எரு, முந்தைய ஆண்டின் மண்ணையே மீண்டும் பைகளில் நிரப்புவது ஆகியவையே நோய்க்கு வழிவிடுகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மும்பையின் பருவமழை அதற்கு ஏற்ற ஈரத்தைத் தருகிறது. ஆறடி உயரக் கன்று வேண்டுமெனில், அது மர இனத்தைப் பொறுத்து ஒன்றுக்கு மேற்பட்ட மழைக்காலங்களை நாற்றங்காலில் கடக்க வேண்டும். உயரம் கூடக் கூட, நோய்க்கு ஆளாகும் காலமும் கூடுகிறது.

சாய்ந்து விழும் நாற்றாவது கண்ணுக்குத் தெரியும். பெரிய ஆபத்து, வேரில் நோயைச் சுமந்தபடி பசுமையாக நிற்கும் கன்றுதான். அது மழையில் நடப்படும், எண்ணப்படும், படம் எடுக்கப்படும். கோடையில் நீர் குறையும்போது, பழுதான வேர் ஈடுகொடுக்க முடியாமல் கன்று வாடும். பியூசேரியம் போன்றவை மண்ணில் பல ஆண்டுகள் தங்கக் கூடியவை என்பதால், பையோடு போகும் மண் புதிய இடத்துக்கும் நோயைக் கொண்டுசெல்கிறது.

டேராடூனும் பீச்சியும் சொன்னவை

இது புதிதாகக் கண்டறியப்பட்ட சிக்கல் அல்ல. 1906-இல் டேராடூனில் தொடங்கப்பட்ட வன ஆராய்ச்சி நிறுவனம், வட மாநில நாற்றங்கால்களில் பைன், தேவதாரு நாற்றுகளின் அழுகல் குறித்துப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துள்ளது. ஷீஷம் எனப்படும் சிசு மரத்தின் வாடல் நோய்க்கும் பியூசேரியத்துக்கும் உள்ள தொடர்பு 1950-களிலேயே அங்கு பதிவாயிற்று. 1990-களில் பிகார், உத்தரப் பிரதேசம், அண்டை நாடான நேபாளம் ஆகியவற்றில் சிசு மரங்கள் பெருமளவில் பட்டுப்போனபோது, பூஞ்சாணத்தோடு நீர் தேங்குவதும் காரணமாகப் பேசப்பட்டது.

தெற்கே, கேரளத்தின் பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் அம்மாநில நாற்றங்கால்களின் நோய்களை முறையாகக் கணக்கெடுத்தது. கோயம்புத்தூரில் வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனமும், மகாராஷ்டிரத்தையும் கவனிக்கும் வெப்பமண்டல வன ஆராய்ச்சி நிறுவனம் ஜபல்பூரிலும் இயங்குகின்றன. மகாராஷ்டிரக் காடுகளின் முதன்மை மரமான தேக்கின் நாற்றுகளில், இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடியாகத் தோன்றி இலைகளை முன்கூட்டியே உதிரச் செய்யும் துரு நோய் நன்கு அறியப்பட்டது. ஆசியாவில் இருந்த அந்த நோய் 2003-இல் மத்திய அமெரிக்கத் தேக்குத் தோட்டங்களிலும் காணப்பட்டது. அறிவு இருக்கிறது, அது நாற்றங்காலைப் போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி.

அவைகளில் ஒலிக்கும் எண்ணிக்கை

மகாராஷ்டிர அரசு 2016 முதல் 2019 வரை 50 கோடிக் கன்றுகளை நடும் இயக்கத்தை நடத்தியது. 2019-ஆம் ஆண்டுக்கு மட்டும் 33 கோடி இலக்கு. நடப்பட்டவற்றில் எத்தனை பிழைத்தன என்ற ஐயம் பின்னர் சட்டப்பேரவையிலும் எழுந்தது. 2024 ஜூன் 5-ஆம் தேதி தொடங்கிய, தாயின் பெயரில் ஒரு மரம் நடும் தேசிய இயக்கத்துக்கு, 2025 மார்ச்சுக்குள் 140 கோடி என்ற இலக்கு வைக்கப்பட்டது.

ஈடுசெய் காடு வளர்ப்பு குறித்து 2013-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 2006 முதல் 2012 வரை பெறப்பட வேண்டிய வனமல்லாத நிலம் சுமார் 1.03 லட்சம் ஹெக்டேர் என்றும், அதில் 27 சதவீதமே பெறப்பட்டது என்றும் சுட்டிக்காட்டியது. 2016 ஜூலையில் மாநிலங்களவை நிறைவேற்றிய ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டத்தின் மீதான விவாதம், பழங்குடியினர் உரிமை, கிராம சபையின் ஒப்புதல் ஆகியவற்றையே பெரிதும் சுற்றி வந்தது. அவை தேவையான கேள்விகளே. எனினும், 2019 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு ரூ.47 ஆயிரம் கோடிக்கு மேல் விடுவிக்கப்பட்ட பிறகும், கன்றின் தரம் பெரிய விவாதமாகவில்லை.

சட்டத்தில் உள்ள இடைவெளியும் கவனிக்கத்தக்கது. 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டம் உணவுப் பயிர், பருத்தி, தீவனப் பயிர் போன்றவற்றின் விதைகளை வரையறுக்கிறது. வன மரங்கள் அதில் இல்லை. தோட்டக்கலை நாற்றுப் பண்ணைகளைப் பதிவு செய்ய வகைசெய்த 2004-ஆம் ஆண்டு விதை மசோதா சட்டமாகவில்லை. நெல் விதைக்குச் சான்று கேட்கும் நாட்டில், கோடிக்கணக்கில் வாங்கப்படும் மரக் கன்றுக்குக் கட்டாயச் சான்று இல்லை.

செலவு குறைந்த தீர்வு

தீர்வுகள் கடினமானவையும் அல்ல. ஈரப்படுத்திய மண்ணைக் கோடையில் ஒளிபுகும் பாலித்தீன் விரிப்பால் நான்கு முதல் ஆறு வாரங்கள் மூடி வைத்தால், வெப்பத்தால் நோய்க்கிருமிகளில் பெரும்பகுதி அழியும். பாத்தியை உயர்த்துவது, பைகளில் போதிய துளையிடுவது, இடைவெளி விடுவது, நீரை அளவோடு விடுவது, மக்கிய எருவுடன் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலப்பது ஆகியவை சாதாரணத் தொழிலாளர்களே செய்யக் கூடியவை.

ரசாயன மருந்தை மட்டும் நம்பியிருப்பது நீண்டகால வழியாகாது. மத்திய வேளாண் அமைச்சகம் 2020 மே மாதம் தடை செய்ய உத்தேசித்த 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலில், நாற்றங்கால்களில் பயன்படும் கார்பன்டாசிம், கேப்டான், திரம் ஆகியவையும் இடம்பெற்றிருந்தன. அத்தடை அப்படியே நடைமுறைக்கு வரவில்லை என்றாலும், பழகிய மருந்து என்றும் கையில் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது என்பதை அது உணர்த்தியது.

கன்றுகளைப் பெறும்போது நூற்றுக்குச் சிலவற்றையேனும் பையைக் கிழித்து வேரைப் பார்ப்பது, நாற்றங்காலில் எத்தனை முளைத்தன, எத்தனை அழுகின என்று பதிவது, பட்டுப்போன கன்றின் காரணத்தை எழுதுவது ஆகிய மூன்றும் நடைமுறையானால் ஈடுசெய்யும் கணக்குக்குப் பொருள் கிடைக்கும். மாதுங்காவில் ஒரு கன்று பட்டுப்போனால் பக்கத்து மரத்தின் நிழலில் ஒதுங்கலாம். தாராவியின் சந்தில் அரிதாகக் கிடைத்த நாலடி இடத்தில் நடப்படும் கன்றுக்குப் பக்கத்தில் வேறு மரம் இல்லை.